பேசாத பத்து நிமிடங்கள்: ‘லெ சாமுராய்’ படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

25 ஆகஸ்ட் 2024, மொரிஷியஸின் ரோஸ் ஹில் வாசகரின் கேள்வி

பிரெஞ்சு நடிகர் அலேன் தெலோன் சென்ற ஞாயிற்றுக்கிழமை காலமானதிலிருந்து எல்லோரும் அவர் நடித்த ‘லெ சாமுராய்’ படத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்துவிட்டேன். ஒருவன் கட்டிலில் படுத்துப் புகைக்கிறான், தொப்பி அணிகிறான், கார் திருடுகிறான், கொல்கிறான், இறுதியில் சாகிறான். முதல் பத்து நிமிடத்தில் ஒரு வசனமும் இல்லை. தெலோனின் முகத்தையும் அந்த மழைக்கோட்டையும் எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் மிச்சம் என்ன? இதை உண்மையாகவே விரும்புகிறவர்கள் விளக்கி எழுதுங்கள்.

25 ஆகஸ்ட், இரவு

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜெஃப் கோஸ்தெலோ என்னும் கூலிக்கொலையாளி ஓர் இரவு விடுதியின் உரிமையாளரைக் கொல்கிறான். அறையை விட்டு வெளியே வரும்போது அங்கே பியானோ வாசிக்கும் பெண் அவனை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறாள். அதன் பிறகு காவல்துறை ஒரு பக்கமும் அவனுக்குக் கூலி பேசியவர்கள் மறுபக்கமுமாக அவனை நெருக்குகிறார்கள். இந்த அளவுக் கதை மலிவு விலைத் துப்பறியும் நாவல்களில் கிடைக்கும். நான் இந்தப் படத்தை ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். ஒருமுறைகூட அடுத்து என்ன நடக்கும் என்று அறிவதற்காகப் பார்த்ததில்லை.

என் அப்பா போர்ட் லூயியில் தையல் கடை வைத்திருந்தார். படம் பாரிஸில் வெளியான 1967 அக்டோபரில் எனக்கு ஏழு வயது. அடுத்த ஆண்டு மார்ச் 12 அன்று மொரிஷியஸ் விடுதலை பெற்றது. அந்த மாதங்களில் விழாவுக்குக் கோட்டு தைத்துக்கொள்ள வந்தவர்களின் துணி கடையில் கூரையைத் தொடும் அளவுக்குக் குவிந்திருந்தது. பள்ளி விட்டதும் நான் கடைக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அப்பா ஒருவருக்கு அளவு சரிபார்க்கும்போது உதடுகளுக்கிடையில் ஏழெட்டுக் குண்டூசிகளை வரிசையாகக் கவ்வியிருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து, தோள் மடிப்பில் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று என்று குத்திக்கொண்டே ஆளைச் சுற்றி வருவார். அந்த நேரத்தில் அவரால் பேச முடியாது. வாடிக்கையாளரும் பேச மாட்டார். கடையில் சுவர்க்கடிகாரமும் இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஈரத்துணி சீறுவதும் மட்டுமே கேட்கும். கடைசி ஊசியும் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அப்பா, “சரி, கழட்டுங்க” என்பார்.

ஜெஃப் காரைத் திருடும் காட்சியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்த முக்காலிதான் நினைவுக்கு வந்தது. நிறுத்தியிருந்த ஒரு சித்ரோயன் காருக்குள் ஏறி உட்கார்ந்து, பெரிய வளையத்தில் கோத்த சாவிக்கொத்தை எடுத்து, ஒவ்வொரு சாவியாகப் பார்த்துப் பார்த்துப் போடுகிறான். ஒன்று சேரவில்லை என்றால் அடுத்தது. பரபரப்பான இசை இல்லை, காவலர் வருகிறாரா என்று வெட்டிக் காட்டுவதும் இல்லை. வேறொரு இயக்குநர் மூன்று நொடியில் முடித்திருக்கக்கூடிய அந்த வேலைக்கு எத்தனை நேரம் பிடிக்குமோ அத்தனை நேரத்தையும் ழான்-பியேர் மெல்வில் கொடுக்கிறார். கையில் வேலை இருப்பவனுடைய மௌனம் அது. தெலோனின் முகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். என் கணக்கில் இதுதான் மிச்சம்.

26 ஆகஸ்ட்

வசனமில்லாத அந்தத் தொடக்கத்தைப் பற்றி மெல்வில் ஒரு நேர்காணலில் சொன்ன செய்தி ஒன்று உண்டு. தெலோனின் வீட்டுக்கே போய் அவர் திரைக்கதையை வாசித்துக் காட்டினாராம். சிறிது நேரத்தில் தெலோன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏழரை நிமிடமாக வாசிக்கிறீர்கள், இன்னும் ஒரு வசனம்கூட வரவில்லை, இதுவே போதும், நான் நடிக்கிறேன் என்றாராம். தலைப்பு என்ன என்று கேட்டிருக்கிறார். ‘சாமுராய்’ என்றதும் ஒன்றும் பேசாமல் மெல்வில்லைத் தன் படுக்கையறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே தோல் மஞ்சம் ஒன்றும், சாமுராயின் ஈட்டியும் வாளும் குறுவாளும் இருந்தனவாம். உங்களுக்குக் குறையாகத் தெரிந்த அதே பத்து நிமிடம்தான் அந்த நடிகரைப் படத்துக்குள் இழுத்தது.

28 ஆகஸ்ட்

நேற்று முன்தினம் வரை நானும் ‘மௌனம்’ என்றே எழுதிவந்தேன். அந்தச் சொல் பொருந்தவில்லை. நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல், தொடக்கத்தைக் காதால் மட்டும் கேட்டேன். ஜெஃபின் அறையிலுள்ள கூண்டுப் பறவை ஒரே சுருதியில் கீச்சிடுகிறது. வெளியே மழையில் வண்டிகள் போகின்றன. அந்தப் பகுதி முழுவதும் ஒலிகளால் நிரம்பியிருக்கிறது. மனிதக் குரல் விலகி நிற்பதால் இவையெல்லாம் முன்னால் வருகின்றன. பிரான்சுவா த ரூபேயின் இசை வருவதும் குறைவு. வரும்போது அது ஓர் ஆள் அறைக்குள் நுழைந்ததுபோல் தெரிகிறது.

இங்கே கியூர்பிப்பில் ஆகஸ்ட் மாதத் தூறல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுவதும் சாம்பல் நிற வானம், தகரக் கூரையில் ஒரே தாளம். ஒளிப்பதிவாளர் ஆன்றி தெகாயே ஜெஃபின் அறைக்குக் கொடுத்திருக்கும் நிறம் அதுதான்: சாம்பலும், வெளிறிய நீலமும், ஈரச்சுவரின் பழுப்பும். வண்ணப் படம் என்பதையே சில காட்சிகளில் மறந்துவிடுகிறோம்.

31 ஆகஸ்ட்

இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். என் மனைவி திருச்சியைச் சேர்ந்தவர். 1989இல் திருமணமாகி இந்தத் தீவுக்கு வந்தபோது அவருக்குத் தமிழும் ஓரளவு ஆங்கிலமும் மட்டுமே தெரியும். எங்கள் வீட்டிலோ பேச்செல்லாம் கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சு, தமிழ் எனக்குப் பள்ளியில் கற்பிக்கும் மொழி, கோயிலில் பாடும் மொழி. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது அவர் ஒரு நொடி கழித்துச் சிரிப்பார். என்ன சொன்னார்கள் என்று என்னைப் பிறகு கேட்பார். தொலைக்காட்சியில் பிரெஞ்சுப் படம் ஓடினால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்த்ததும் உண்டு. அது அவருக்கும் சலிப்பு, மற்றவர்களுக்கும் இடைஞ்சல்.

அந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை இந்தப் படத்தின் கேசட்டை வாடகைக்கு எடுத்துவந்தேன். தொடங்கிச் சற்று நேரம் போன பிறகுதான் கவனித்தேன்: அவர் எழுந்து போகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அறையில் இருந்த ஆறு பேரும் ஒரே நிலையில் இருந்தோம். யாருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெஃப் கண்ணாடியின் முன் நின்று தொப்பியின் விளிம்பை விரல்களால் ஒருமுறை நீவி விடுவதை என் அம்மா பார்த்ததைப் போலவே அவரும் பார்த்தார். படத்தில் முதல் குரல் கேட்டபோது, அது ஒரு பெயரை மட்டும் சொல்லும் குரல் என்பதால், அதுவும் அவருக்குப் புரிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். காவலர்கள் ஜெஃப் இல்லாத நேரத்தில் அறைக்குள் நுழைந்து ஒலிவாங்கி ஒன்றை மறைத்துவைத்துவிட்டுப் போகிறார்கள். அவன் திரும்பி வருகிறான். நானும் என் தம்பியும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி மட்டும், “குருவி பயந்து போயிருக்குங்க, இறகு உதிர்ந்து கிடக்கு பாருங்க” என்றார். அவருடைய பிறந்த வீட்டில் கிளி வளர்த்தவர்கள். அவருக்கு அது உடனே தெரிந்தது. அடுத்த கணம் ஜெஃபும் அதையேதான் கவனித்தான். கூண்டையும் உதிர்ந்த இறகுகளையும் பார்த்துவிட்டு, சுவர்களைத் தேடத் தொடங்கினான். மொழி அறியாதவர் என்று நாங்கள் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் எங்கள் எல்லோரையும் முந்திவிட்டார். அன்றிலிருந்து இந்தப் படம் எங்கள் வீட்டில் அவருடைய படம்.

3 செப்டம்பர்

இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார்: இந்தப் படம் ஒரு நீண்ட ஆடை விளம்பரம் போன்றது, இதை விரும்புகிறவர்கள் தொப்பியையும் மழைக்கோட்டையும்தான் விரும்புகிறார்கள் என்று. தையல்காரரின் மகன் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

படத்தின் ஆடை அழகு படத்துக்குள்ளேயே ஒரு விசாரணைக்கு உள்ளாவதை நீங்கள் கவனிக்கவில்லை. கொலை நடந்த இரவில் காவல்துறை பலரைப் பிடித்து வந்து மேடையில் நிறுத்துகிறது. சாட்சிகளில் ஒருவர் வீனர். அவர் ஜெஃபைப் பார்த்தது ஒரு சில நொடிகள்தான், ஜெஃபின் தோழி ஜேனின் குடியிருப்பு வாசலில். ஆய்வாளர், ஜெஃபின் கோட்டை ஒருவனுக்கும் தொப்பியை இன்னொருவனுக்கும் மாற்றிக் கொடுத்து, எல்லோரையும் கலந்து நிற்க வைக்கிறார். வீனரோ தயங்காமல் ஒருவனிடமிருந்து தொப்பியையும், இன்னொருவனிடமிருந்து கோட்டையும், மூன்றாமவனாக ஜெஃபின் முகத்தையும் தனித்தனியாகக் காட்டி, தான் பார்த்த ஆளை அந்த இடத்திலேயே மறுபடி சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். துணியிலிருந்து அளவைப் பிரித்து, வெட்டி, நூலோட்டி, மறுபடி ஆளாகச் சேர்ப்பதைத்தான் அப்பா நாள்தோறும் செய்தார். வெட்டிப்போட்ட துண்டுகளாக மேசையில் கிடக்கும் கோட்டு யாருடையது என்று கேட்டால், தோளைத் தொட்டுப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடுவார். ஜெஃப் தன்னை மறைத்துக்கொள்வதற்காக அணியும் உடைதான் அவனைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அவனுடையதாகிவிட்டிருக்கிறது. ஆடை விளம்பரம் எதுவும் இதைச் செய்யாது.

வெள்ளைக் கையுறையைப் பற்றியும் ஒரு சொல். கொலை செய்யும்போது ஜெஃப் அணியும் கையுறைகள் படத்தொகுப்பாளர்கள் படச்சுருளைத் தொடும்போது அணிபவை என்று மெல்வில் சொல்லியிருக்கிறார். தன் தொழிலின் கையுறையையே அவர் தன் கதைமாந்தனுக்கு மாட்டிவிட்டிருக்கிறார்.

4 செப்டம்பர்

மெல்வில் என்பதே அவர் ஏற்றுக்கொண்ட பெயர். பிறப்பால் அவர் க்ரும்பாக், 1917இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இருந்தபோது அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்லின் மீதுள்ள பற்றால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார். தொடர்பு இல்லாத செய்தி என்று தள்ள வேண்டாம். மாற்றுப் பெயரில் வாழ்ந்து, அளவோடு பேசி, பின்தொடர்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தே நடந்த ஒருவர்தான் இந்தப் படத்தை எடுத்தார். பாரிஸ் மெட்ரோவில் காவல்துறையினர், பெண் காவலர்களும் சேர்ந்து, நிலையத்துக்கு நிலையம் ஜெஃபைப் பின்தொடர, அலுவலகத்துச் சுவர் வரைபடத்தில் விளக்குகள் ஒளிர்வதைக் காட்டும் அந்தப் பகுதியை இனிப் பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

7 செப்டம்பர்

ரோஸ் ஹில் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். உங்கள் அப்பா கோட்டுத் தைத்தார், ஜெஃப் மனிதனைக் கொல்கிறான், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்கிறார். நியாயமான கேள்வி. மூன்று நாளாக இதையே யோசித்தேன். முதல் குறிப்பில் நான் எழுதியதில் ஒரு கண்மூடித்தனம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். திறமையாகச் செய்யப்படும் எதுவும் அழகாகத் தெரியும். அந்த அழகு கொலையையும் தூக்கிவிடும் ஆபத்து இந்தப் படத்தில் உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும், சாமுராயின் தனிமையைக் காட்டுப் புலியின் தனிமையோடு ஒப்பிடும் மேற்கோளும் அதற்குத் துணை போகிறது. அது சாமுராய் நூலிலிருந்து எடுத்ததுபோல் காட்டப்பட்டாலும் மெல்வில் தாமே எழுதியது.

ஆனால் இறுதியைப் பாருங்கள். ஜெஃப் விடுதிக்குள் வருகிறான். தொப்பியை வைக்கும் இடத்தில் தொப்பியைக் கொடுக்கிறான். பெண் நீட்டும் சீட்டை எடுத்துக்கொள்ளாமல் மேசையிலேயே விட்டுவிட்டு நடக்கிறான். திரும்பி வாங்க வரமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். பியானோ வாசிப்பவளின் முன்னால் போய்த் துப்பாக்கியை எடுக்கிறான். காவலர்கள் சுடுகிறார்கள். நீங்கள் பிழைத்துக்கொண்டீர்கள் என்று அவளிடம் ஒரு காவலர் சொல்ல, ஆய்வாளர் ஜெஃபின் துப்பாக்கியைத் திறந்து காட்டுகிறார்: உள்ளே ஒரு தோட்டாவும் இல்லை. திறமையின் பெருமை அனைத்தும் அந்த வெற்று உருளையில் வந்து நின்றுவிடுகிறது. சாவிகளை நிதானமாகப் போட்டுப் பார்த்த அதே கைகள் தோட்டாக்களை எடுத்து வைத்திருக்கின்றன. அதை மட்டும் படம் நமக்குக் காட்டவில்லை. ஜெஃப் சிரித்தபடியே சாகிறான் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

8 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. இரவே படத்தை எடுத்துப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. நான் எங்கோ பார்த்திருந்த ஒரு நிழற்படத்தை நினைவில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். சிரித்தபடி சாகும் காட்சியையும் மெல்வில் எடுத்திருந்தார். தெலோன் வேறொரு படத்தில் ஏற்கெனவே அப்படி இறந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார். எடுத்த காட்சியின் நிழற்படம் மட்டும் உலவிக்கொண்டிருக்கிறது. படத்தில் இருக்கும் முடிவே சரியானது என்று கருதுகிறேன். சிரித்திருந்தால் அவன் வென்றவனாகிவிட்டிருப்பான்.

இன்னொரு திருத்தமும் உண்டு. சாவிகளைப் ‘பார்த்துப் பார்த்து’ப் போடுகிறான் என்று முதல் குறிப்பில் எழுதினேன். அதுவும் தவறு. அவன் கண்கள் மழைபடிந்த முன்கண்ணாடிக்கு அப்பால்தான் இருக்கின்றன. விரல்கள் மட்டுமே சாவிகளை அறிகின்றன. அப்பாவும் ஊசிகளைப் பார்த்ததில்லை, ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை ஆண்டுகள் இதைத் தவறாகவே நினைவில் வைத்திருந்தேன் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

14 செப்டம்பர்

பியானோ வாசிப்பவளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் காத்தி ரோஸியே, கரீபியன் கடலின் அந்தீய்த் தீவுகளைச் சேர்ந்த கறுப்பினப் பெண். 1967இல் வந்த ஒரு பாரிஸ் குற்றப் படத்தில் கதை முழுவதும் ஒரு கறுப்பினப் பெண்ணின் ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது: இவன்தானா, இல்லையா. அவள் இல்லை என்கிறாள். ஏன் என்று படம் நேராகச் சொல்வதில்லை. பள்ளியில் என்னோடு பணியாற்றிய கிரியோல் ஆசிரியை ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: சிறுவயதில் தான் பார்த்த பிரெஞ்சுப் படங்களில் தன்னைப் போன்ற நிறமுள்ள பெண் வந்தால் கையில் தட்டோடுதான் வருவாள் என்றும், இவள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள், மற்றவர்கள் அவளிடம் வந்தார்கள் என்றும். நான் ஆண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

21 செப்டம்பர்

ரோஸ் ஹில் வாசகர் இரண்டாம் முறை பார்த்துவிட்டதாகவும், கார்ப் பட்டறைக் காட்சி பிடித்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறார். திருடிய காரை ஜெஃப் ஓட்டிவந்து உள்ளே நிறுத்த, பட்டறைக்காரர் எண் பலகையை மாற்றுகிறார், காகிதங்களையும் துப்பாக்கியையும் கொடுக்கிறார், பணத்தை வாங்குகிறார், இருவரும் பேசுவதில்லை. படத்தின் பிற்பகுதியில் இதே காட்சி திரும்ப வருகிறது, அதே கார் வகை, அதே வேலை, அதே வரிசை. இம்முறை பட்டறைக்காரர் பேசுகிறார்: இதுதான் கடைசி முறை என்கிறார். ஜெஃப் ஒப்புக்கொள்கிறான். முதல் தடவை அவர் பேசாமல் இருந்ததால்தான் இரண்டாம் தடவை அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் இடிக்கிறது. கொடுத்த பொறுமைக்குப் படம் வட்டியோடு திருப்பித் தரும் இடங்களில் இது ஒன்று.

காயத்துக்கு அவன் தானே கட்டுப்போடும் காட்சியையும் பாருங்கள். ரயில் பாதைக்கு மேலுள்ள நடைபாலத்தில் கையில் குண்டடி பட்டு வீடு திரும்பியவன், சட்டையைக் கழற்றி, கழுவி, துணி வைத்துக் கட்டுகிறான். முனகல்கூட இல்லை. அங்கே துணைக்கு இருப்பது கூண்டுப் பறவை மட்டுமே.

22 செப்டம்பர்

நேற்றிரவு மனைவியோடு மறுபடி பார்த்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவருடைய பிரெஞ்சு என் பிரெஞ்சைவிடத் தெளிவாகிவிட்டது. இப்போது எல்லா வசனமும் அவருக்குப் புரிகிறது. வெறுமையாகிவிட்ட விடுதியோடு படம் முடிந்ததும் அவர், “அந்தக் குருவிக்கு இனி யார் தண்ணி வைப்பாங்க?” என்று கேட்டார். ஜெஃபின் மரணத்துக்குப் பிறகு படம் அந்த அறைக்குத் திரும்பிப் போவதில்லை என்பதை அப்போதுதான் நானும் உணர்ந்தேன்.

பாரிஸின் ரூ ஜென்னேர் தெருவில் இருந்த மெல்வில்லின் படப்பிடிப்புத் தளம் 1967 ஜூனில், இந்தப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே தீப்பற்றி எரிந்தது. தீயில் உயிரிழந்தது அந்தப் பறவை மட்டும்தான் என்று மெல்வில் பிறகு சொல்லியிருக்கிறார். அதை நேற்றிரவு மனைவியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் தேநீர் குடிக்கும்போது சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது எந்த வகைப் பறவை என்று மட்டும் கேட்டார்.